ஆடுகள வேகம்: அளத்தலும் வளர்த்தலும்

(சூரமங்கலத்தில் ஊராட்சிப் பிரதிநிதிகளும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நாம் வழக்கமாகக் கூடும் கூட்டங்களில் குடிநீர், சாலை, தெருவிளக்கு, வாய்க்கால் ஆகியவற்றைப் பற்றியே பேசி வருகிறோம். இன்று அவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, நம் ஊர்ப் பிள்ளைகளின் கால்களைப் பற்றிப் பேச எண்ணியுள்ளோம். டென்னிஸ் பழகும் சிறுவர் சிறுமியர் ஆடுகளத்தில் எவ்வளவு வேகமாக இயங்குகின்றனர், அந்த வேகத்தை எவ்வாறு அளப்பது, எவ்வாறு வளர்ப்பது என்பதே இன்றைய பொருள்.

கூட்டம் தொடங்குமுன் உறுப்பினர் ஒருவர், “டென்னிஸ் பணம் படைத்தவர் ஆட்டமாயிற்றே, நம் ஊருக்கு அது எதற்குங்க?” என்று வினவினார். நியாயமான வினாவே. 1874ஆம் ஆண்டில் விங்ஃபீல்டு என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி இவ்வாட்டத்திற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். 1877இல் விம்பிள்டன் போட்டி தொடங்கியது. பிறகு வெள்ளையர் சென்ற இடங்களிலெல்லாம் கிளப்புகளின் மதிற்சுவருக்குள் அது வளர்ந்தது. மட்டையும் பந்தும் இன்றும் மலிவானவை அல்ல. இதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இவ்வூரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தனி நகராட்சியாக இருந்த சூரமங்கலம் 1994இல் சேலம் மாநகராட்சி அமைந்தபோது அதனுடன் இணைந்தது. சேலம் சந்திப்பு ரயில் நிலையம் இங்கேயே இருக்கிறது. 2007இல் ரயில்வே கோட்டமும் அமைந்தது. சுற்றியுள்ள ஊராட்சிகளிலிருந்து விடியற்காலையில் இங்குள்ள உழவர் சந்தைக்குக் கீரையும் கத்தரிக்காயும் கொண்டு வரும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் நகரத்துப் பள்ளிகளிலே படிக்கின்றனர். அங்கே ஒரு நாள் மட்டையைப் பிடித்துப் பார்த்த பிள்ளை, வீட்டுக்கு வந்து தானும் அதைப் பழக வேண்டும் என்று கேட்கிறது. தகப்பனாரோ, தம் பிள்ளைக்கு அதற்குரிய திறமை உண்டா என்று அறிய விரும்புகிறார். யாரைக் கேட்பது, எதைக் கொண்டு சொல்வது என்பதிலேதான் சிக்கல் எழுகிறது. பணம் செலவழிப்பதா வேண்டாமா என்னும் முடிவு பெரும்பாலும் பள்ளி விளையாட்டு விழாவில் நடந்த ஒரே ஓர் ஓட்டப் பந்தயத்தைக் கொண்டு எடுக்கப்படுகிறது. அந்த அளவுகோல் தவறானது என்பதைச் சொல்லவே இவ்வளவு பேரையும் இங்கே அழைத்திருக்கிறோம்.

மேலும், நாம் பேசப் போவது மட்டையைப் பற்றியன்று, காலைப் பற்றியே. கபடிக்கும், பூப்பந்துக்கும், இறகுப் பந்துக்கும், வாலிபாலுக்கும் வேண்டிய வேகம் இதுவேதான். டென்னிஸில் அது நுணுக்கமாக ஆராயப்பட்டிருக்கிறது. ஆடுகளத்தின் அளவும் உலகெங்கும் ஒன்றே. ஆகவே டென்னிஸை முன்வைத்துப் பேசுகிறோம்.

வேகம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது 100 மீட்டர் ஓட்டம். ஆனால் டென்னிஸ் களத்தில் 100 மீட்டருக்கு இடம் ஏது? ஒற்றையர் ஆட்டக் களம் 78 அடி நீளமும் 27 அடி அகலமும் உடையது. நடுவில் வலை. ஒருவர் பங்குக்குக் கிடைப்பது 39 அடி நீளமே. ஆட்டக்காரர்களின் இயக்கத்தை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை நமக்கு வியப்பளிக்கும். பந்தை அடிக்கும் தருணங்களில் ஐந்தில் நான்கு, ஆட்டக்காரர் நிற்கும் இடத்திலிருந்து இரண்டரை மீட்டருக்கு உள்ளேயே அமைந்து விடுகின்றன. ஒரு முறை பந்தை அடிக்கச் சராசரியாக 3 மீட்டர் ஓடுகிறார். ஒரு புள்ளி முடிவதற்குள் 8 முதல் 12 மீட்டர் வரை ஓடுகிறார். அதற்குள் சுமார் நான்கு முறை திசை மாறுகிறார். இவ்வளவும் பெரும்பாலும் பத்து வினாடிக்குள் முடிந்துவிடும். எனவே முழு வேகத்தை எட்டுவதற்கே அவருக்கு நேரமில்லை. முதல் மூன்று எட்டும், நிற்பதும், திரும்புவதும்தான் ஆட்டம்.

மாட்டுச் சந்தையில் உழவு மாடு பிடித்தவர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள். நேர்ச்சாலில் எந்த மாடும் நடந்துவிடும். சால் முடிந்து வரப்போரத்தில் திரும்பும் இடத்திலேதான் மாட்டின் அருமை தெரியும். தடுமாறாமல், நுகத்தைச் சாய்க்காமல், அடுத்த சாலில் கால் வைக்கும் மாட்டுக்கே விலை அதிகம். ரேக்ளாவில் ஓடிப் பரிசு பெற்ற காளையை ஏரில் பூட்டி ஏமாந்தவர்களும் இக்கூட்டத்தில் இருக்கக்கூடும்!

ஆடுகள வேகத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. அது கண்ணிலும் அறிவிலும் இருக்கிறது. நம் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களே இதற்குச் சான்றாவர். இராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே ஆடவர் பிரிவில் அரையிறுதி வரை சென்றார். அவருக்கு ஆட்டம் கற்பித்தவர் அவருடைய தந்தையார் டி.கே. இராமநாதன். கிருஷ்ணனுடைய ஆட்டத்தில் பெரிதும் பாராட்டப் பெற்றவை அவருடைய கையின் மென்மையும், பந்து எங்கே வரும் என்பதை முன்னரே உணர்ந்து அங்கே போய் நிற்கும் திறனுமே. அவருடைய மகன் இரமேஷ் கிருஷ்ணன் 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். அவருடைய ஆட்டமும் அந்த வழியைச் சேர்ந்ததுதான். இனி லியாண்டர் பயஸை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் பிறந்த அவர், 1985இல் சென்னையில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டத்தில் வளர்ந்தவர். 1990இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தையும், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்தையும் பெற்றார். வலையருகே அவர் பாயும் வேகம் பார்ப்பவர் கண்ணைப் பறிக்கும். ஒரே பட்டத்தை வென்ற மூவரில் இருவர் ஒரு வகை, ஒருவர் வேறு வகை. காலால் விரைந்து சேர்பவரும் உண்டு. கண்ணால் முன்னே சேர்பவரும் உண்டு. கடிகாரம் முதல் வகையை மட்டுமே காட்டும். அளக்கத் தொடங்குமுன் இதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஓர் அளவு நாடா, ஒரு கூடைச் சுண்ணாம்புத் தூள், ஐந்து பந்துகள், ஒரு ஸ்டாப் வாட்ச். டென்னிஸ் களமே இல்லாத ஊரிலும் செய்துவிடலாம்.

சமமான மண் தரையில் 27 அடி நீளத்திற்கு ஒரு கோடு போடுங்கள். இது பின்கோடு. அதன் நடுவில், அதாவது பதின்மூன்றரை அடியில், ஓர் அடையாளம் வையுங்கள். பின்கோட்டிலிருந்து 18 அடி முன்னே சென்று, அதற்கு இணையாக 27 அடிக்கு இன்னொரு கோடு போடுங்கள். இது முன்கோடு. அதன் நடுவிலும் ஓர் அடையாளம். உண்மையான டென்னிஸ் களத்திலும் இக்கோடுகள் இதே இடைவெளியில்தான் இருக்கின்றன. கட்டம் கோணலாக இல்லையா என்று எப்படி அறிவது? அதற்குக் கொத்தனாரைக் கேளுங்கள். மூலைமட்டம் பார்க்க அவர் மூன்று, நான்கு, ஐந்து என்ற கணக்கைக் கையாளுகிறார். இங்கும் அதே கணக்குத்தான். பின்கோட்டின் நடுவிலிருந்து முன்கோட்டின் ஒரு முனைக்கு நாடாவைப் பிடித்தால் சரியாக 22 அடி 6 அங்குலம் வர வேண்டும். மூன்றையும் நான்கையும் ஐந்தையும் நாலரையால் பெருக்கிப் பாருங்கள்; பதின்மூன்றரை, பதினெட்டு, இருபத்திரண்டரை என்று வரும். டென்னிஸ் களத்தை வகுத்தவர்கள் கொத்தனார் கணக்கை எண்ணித்தான் வகுத்தார்களோ என்னவோ, நமக்கு அது மிகவும் வசதியாக அமைந்திருக்கிறது.

பின்கோட்டின் இரு முனைகள், முன்கோட்டின் இரு முனைகள், முன்கோட்டின் நடு ஆகிய ஐந்து இடங்களிலும் ஒவ்வொரு பந்து வைக்க வேண்டும். பின்கோட்டின் நடு அடையாளத்தை ஒட்டி, கோட்டிற்குப் பின்புறம் 18 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள ஒரு சிறு கட்டம் வரைய வேண்டும். பிள்ளை அங்கிருந்து புறப்பட்டு, முதலில் வலக்கை முனையில் உள்ள பந்தை எடுத்து வந்து கட்டத்தில் வைக்க வேண்டும், பிறகு முன்கோட்டின் வலமுனை, பிறகு நடு, பிறகு இடமுனை, கடைசியாகப் பின்கோட்டின் இடமுனை. பந்தை எறியக் கூடாது. குனிந்து வைக்க வேண்டும். ஐந்தாம் பந்து கட்டத்தில் அமர்ந்தவுடன் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். ஓடிய தடங்கள் சிலந்தியின் கால்களைப் போல் விரிவதால் இதற்குச் சிலந்தி ஓட்டம் என்று பயிற்சியாளர்கள் பெயரிட்டுள்ளனர்.

கணக்கைப் பாருங்கள். போகும் தூரம் 90 அடி, வரும் தூரம் 90 அடி. ஆக 180 அடி, ஏறத்தாழ 55 மீட்டர். இதற்குள் பிள்ளை ஒன்பது இடங்களில் நின்று, குனிந்து, திரும்புகிறது. நேர் ஓட்டத்தில் முதலாவதாக வரும் பிள்ளை இதில் மூன்றாவதாக வருவதும், அங்கே நடுவில் வந்த பிள்ளை இங்கே முந்துவதும் உண்டு. கிளித்தட்டும் கபடியும் ஆடி வளர்ந்த பிள்ளைகள் இவ்வோட்டத்தில் தயங்குவதே இல்லை. கோட்டின் மேல் நின்று திரும்புவது அவர்களுக்குப் பழகிய தொழில்.

முதல் எட்டுகளின் வேகத்தைத் தனியே அறிய வேண்டுமானால், நின்ற நிலையிலிருந்து 5 மீட்டரும் 10 மீட்டரும் ஓடச் செய்து பார்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. 5 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒரு வினாடிதான் ஆகும். கடிகாரத்தை அழுத்துபவரின் கண் கண்டு கை அசைவதற்குள் கால் வினாடி போய்விடுகிறது. தடகளப் போட்டிகளிலேயே 100 மீட்டருக்குக் கையால் எடுத்த நேரத்தை மின் கருவி நேரத்தோடு ஒப்பிட 0.24 வினாடி சேர்ப்பது வழக்கமாயிருந்தது. ஒரு வினாடி ஓட்டத்தில் கால் வினாடி பிழையென்றால், அந்த அளவுக்கு மதிப்பேது? ஆகவே ஸ்டாப் வாட்சைச் சிலந்தி ஓட்டத்திற்கு மட்டும் வைத்துக்கொண்டு, குறுகிய ஓட்டங்களைச் செல்போனில் படமெடுப்பதே நல்லது. இன்று பல செல்போன்கள் மெதுவியக்கப் படத்தில் வினாடிக்கு 240 சட்டங்கள் எடுக்கின்றன. கால் அசைந்த சட்டத்திலிருந்து மார்பு கோட்டைக் கடந்த சட்டம் வரை எண்ணி 240ஆல் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும். போனைக் கையில் பிடிக்காமல், கோட்டிற்கு நேரே ஒரு முக்காலியில் வைத்து எடுக்க வேண்டும். இதையெல்லாம் நாம் விளக்க வேண்டிய தேவையே இல்லை. ஊரிலுள்ள இளைஞரிடம் சொன்னால் அரை நாழிகையில் செய்து காட்டிவிடுவார்.

அளவு நேர்மையாக இருக்கச் சில ஒழுங்குகள் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே தரை, ஒரே வேளை. வெறுங்காலோடு ஓடிய பிள்ளை அடுத்த முறையும் வெறுங்காலோடு ஓட வேண்டும். காலணி என்றால் காலணி. ஓடுமுன் பத்து நிமிடமாவது மெல்ல ஓடி உடலைச் சூடேற்ற வேண்டும். மூன்று முறை ஓடச் செய்து, ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்று நிமிடம் இளைப்பாற விட வேண்டும். மூன்று நேரங்களையும் எழுதி, சிறந்ததைக் கோடிட வேண்டும். மழை பெய்த மறுநாள் அளக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது பலர் கவனியாதது. தொடங்கும்போது ஒரே வாரத்தில் இரண்டு நாட்கள் அளந்து பாருங்கள். ஒரு பிள்ளை திங்களன்று 19.4 வினாடியும் வியாழனன்று 19.1 வினாடியும் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று நாளில் அது வேகம் பெற்றுவிடவில்லை. தூக்கம், உணவு, மனநிலை, கடிகாரம் பிடித்த கை ஆகியவற்றால் வந்த வேறுபாடு அது. பால் படி அளக்கும்போது நுரையைக் கழிப்பது போல, இதைக் கழிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து 19.0 வந்தால், முன்னேற்றம் என்று கைதட்டவும் வேண்டாம். பயிற்சியாளரைக் குறை கூறவும் வேண்டாம். 18.3 வந்தால் மகிழலாம்.

இந்தக் கணக்கைப் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் என்ற முறையில் வைக்க வேண்டும். தேதி, உயரம், தரை, காலணி உண்டா இல்லையா, மூன்று நேரங்கள், உடல்நலம் பற்றி ஒரு வரி. அவ்வளவே. இதைப் பள்ளிச் சுவரில் ஒட்டி முதலிடம், கடைசியிடம் என்று எழுத வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வெளிநாடுகளில் வயதுவாரியாக அட்டவணைகள் போட்டிருக்கின்றனர். அவை வேறு தரையில், வேறு காலணியில், வேறு உணவு உண்ட பிள்ளைகளிடம் எடுத்தவை. நம் பிள்ளையை நேற்றைய அதே பிள்ளையோடு ஒப்பிடுவதே முறை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், பிள்ளைகளின் வளர்ச்சி ஒரே சீரானதன்று. பெண் குழந்தைகள் ஏறத்தாழ 12 வயதிலும், ஆண் பிள்ளைகள் ஏறத்தாழ 14 வயதிலும் மிக விரைவாக உயர்கின்றனர். ஒருவருக்கு ஓராண்டு முன்னதாகவும் மற்றவருக்கு ஈராண்டு பின்னதாகவும் இது வரலாம். பாதமும் காலும் முதலில் நீளுகின்றன. உடற்பகுதி பின்னால் வருகிறது. நேற்று வரை லாவகமாக ஓடிய பிள்ளை திடீரென்று தன் கால் தனக்கே தடுக்குவது போல் ஓடும். சிலந்தி ஓட்டத்தின் நேரம் குறையாமல் நிற்கும். சிலருக்குக் கூடவும் செய்யும். குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழும் வலி எடுக்கும். இது சோம்பலன்று, திறமை போய்விட்டது என்பதுமன்று. தென்னங்கன்றைப் பிடுங்கி நட்டவன் அது வேர் பிடிக்கும் வரை ஓலை விடவில்லையே என்று வெட்டிப் போடுவதில்லை. அதற்காகவே நோட்டில் உயரத்தையும் எழுதச் சொன்னோம். மூன்று மாதத்தில் உயரம் மளமளவென்று ஏறியிருந்தால், நேரம் ஏன் தேங்கிற்று என்பதற்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இதில் பெண் குழந்தைகளுக்கு நேரும் அநீதியைத் தனியே சொல்ல வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அவர்களுடைய நேரம் சற்றுத் தேங்குகிறது. அதே வயதில்தான் வீட்டில், “பெரிய மனுஷி ஆயிட்டா, இனி மைதானம் எதற்கு?” என்ற பேச்சும் எழுகிறது. மைதானத்தில் ஆசிரியர், “முன்போல் ஓடவில்லையே” என்கிறார். வீட்டில் பாட்டியார், “நல்லதாயிற்று, நிறுத்திவிடு” என்கிறார். இரண்டு பக்கமும் சேர்ந்து, யாரும் முடிவெடுக்காமலேயே, ஒரு பெண்ணின் ஆட்டம் முடிந்து போகிறது. இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் அவள் நோட்டு என்ன காட்டியிருக்கும் என்பதை அறிய வழியே இல்லை. பஞ்சாயத்து இங்கே செய்யக்கூடியது உண்டு. மைதானத்தில் கதவுள்ள கழிப்பிடமும் தண்ணீரும் இருந்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். பயிற்சியை வெளிச்சம் இருக்கும்போதே முடித்தால், தாய்மார் இருவர் உடனிருந்தால், மீதியும் அடங்கும். இதற்கு ஆகும் செலவு ஒரு சிறு பாலத்திற்கு ஆகும் செலவில் ஒரு பங்குகூட இல்லை.

தேர்வு செய்யும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 14 வயதுக்குட்பட்டோர் என்று ஒரு கோடு போட்டால், அக்கோட்டை ஒட்டிப் பிறந்த பிள்ளைக்கும் பதினொரு மாதம் கழித்துப் பிறந்த பிள்ளைக்கும் ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு இருக்கும். மூத்ததன் உயரத்தைத் திறமை என்று எண்ணிவிடுகிறோம். நம் பக்கத்தில் இதில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. பள்ளியில் சேர்த்த நாளை அனுசரித்துத் தலைமையாசிரியர் எழுதிய தேதியே பிறந்த தேதியாகி, ஊரில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்களாக இருக்கிறார்கள்! இன்று பிறப்புச் சான்றிதழ் ஒழுங்காக வருவதால் அத்தொல்லை நீங்கி வருகிறது. ஆனால் வளர்ச்சியின் வயதைச் சான்றிதழ் சொல்வதில்லை.

நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் விபத்தில் ஒரு கால் நசுங்கியவர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளியும், 2024இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார். பள்ளி நாளில் அவரைப் பார்த்த ஒருவர் காலை மட்டும் பார்த்துக் கணக்கை முடித்திருந்தால், நம் மாவட்டத்திற்கு அப்பதக்கங்கள் ஏது?

இனி வேகத்தை வளர்ப்பது. நம் மைதானங்களில் பொதுவாக நடப்பது என்ன? “பத்துச் சுற்று ஓடு” என்கிறோம். பிள்ளை மூச்சிரைக்க ஓடுகிறது. இதனால் தாக்குப்பிடிக்கும் திறன் வளரும், நல்லதே. ஆனால் முதல் மூன்று எட்டு விரைவடையாது. விரைவு வேண்டுமானால் விரைவாகவே ஓட வேண்டும். விரைவாக ஓட வேண்டுமானால் களைப்பின்றி இருக்க வேண்டும். ஐந்து வினாடி முழு முயற்சி, பிறகு அரை நிமிடமோ அதற்கு மேலோ இளைப்பாறல்; இப்படி எட்டுப் பத்து முறை. வேகம் குறையத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். பிள்ளைகள் பாதி நேரம் சும்மா நிற்பதைப் பார்த்துப் பெற்றோர், “என்ன பயிற்சி இது?” என்று கேட்பார்கள். அந்தச் சும்மா நிற்றலும் பயிற்சியின் பகுதியே என்று நாம் அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

டென்னிஸில் முதல் எட்டுக்கும் முன்னே ஒன்று உண்டு. எதிரி மட்டையை வீசும்போது, இவர் நின்ற இடத்திலேயே ஒரு சிறு குதி குதிக்கிறார். எதிரியின் மட்டையில் பந்து படும் கணத்தை ஒட்டி இவருடைய இரு பாதங்களும் மண்ணில் வந்து அமர்கின்றன. முழங்கால் சற்று மடிந்திருக்கும். உடல் வில்லைப் போல் முறுக்கேறியிருக்கும். எப்பக்கம் பந்து போனாலும் அப்பக்கம் தரையை உதைத்துக் கிளம்பலாம். கட்டாந்தரையில் மரம் போல் நின்றுவிட்டு, பந்து வந்த பிறகு புறப்படும் பிள்ளைக்கு எவ்வளவு வேகமான காலிருந்தும் பயனில்லை. தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர்களைப் பார்க்கும்போது பந்தைப் பார்க்காமல், அடி வாங்கப் போகிறவரின் பாதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இந்தச் சிறு குதி தெரியும்.

இதைப் பழக்க ஒரு பந்து போதும். பெரியவர் ஒருவர் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, கைக்கு ஒன்றாக இரண்டு பந்து பிடித்து நிற்க வேண்டும். ஒரே பந்து இருந்தால் ஒரு கையில் மட்டும். பிள்ளை மூன்று மீட்டர் தள்ளி நிற்கும். சொல்லாமல் ஒரு பந்தை விட வேண்டும். இரண்டாம் முறை தரையில் படுமுன் பிள்ளை அதைப் பிடிக்க வேண்டும். எளிதாகப் பிடித்தால் ஓர் எட்டுப் பின்னே நிறுத்துங்கள். மாலையில் வயலிலிருந்து திரும்பிய தகப்பனார் வாசலில் நின்று பத்து நிமிடம் இதைச் செய்யலாம். இதைவிட எளிய பயிற்சியை நாம் அறியோம்.

நிற்பதையும் கற்பிக்க வேண்டும். விரைந்து போய் நிற்கத் தெரியாத பிள்ளை இரண்டு எட்டு அதிகம் ஓடுகிறது; திரும்பி வரவும் அந்த இரண்டு எட்டு. கடைசி இரண்டு மூன்று எட்டுகளைச் சிறிதாக்கி, இடுப்பைத் தாழ்த்தி, முழங்காலை மடித்து நிற்க வேண்டும். உட்கார்ந்து எழுதல், ஒரு காலை முன்வைத்து இறங்கி எழுதல், மணலில் தாண்டுதல் ஆகியவை இதற்கு வேண்டிய வலுவைத் தரும். பிள்ளைகளுக்குத் தம் உடலின் எடையே முதலில் போதுமான பாரம். கிளித்தட்டையும் நொண்டியாட்டத்தையும் பாடவேளையிலேயே ஆடச் சொல்லுங்கள். இவற்றை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் கூம்புகளை விலைக்கு வாங்கிச் சுற்றி ஓடச் சொல்வது நமக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெரிய களமும் துள்ளும் பந்தும் வேண்டாம். சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 2012 ஜனவரி முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மெதுவான பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்று விதி செய்திருக்கிறது. மிகச் சிறியவர்களுக்குரிய சிவப்புப் பந்துக் களம் 36 அடி நீளமே உடையது. நம் ஊர்ப் பள்ளி முற்றத்தில் அதற்கு இடமுண்டு. சிறு களத்தில் பந்தைத் தொட முடிகிறது. தொட முடிவதால் பிள்ளை ஓடுகிறது.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல் பொறுக்கி, நீர் தெளித்து, உருளை ஓட்டிய செம்மண் தரையே நமக்கு ஏற்றது. சமமாக இருக்கிறதே என்று ஊராட்சியின் சிமெண்டு உலர்களத்தில் குதிக்கச் சொல்வது நன்றன்று. வளரும் எலும்புக்கு அது மிகக் கடினம். ஜவ்வரிசி ஆலைகளின் பரந்த களங்களைப் பார்த்தும் சிலருக்கு ஆசை எழுகிறது. கடினம் ஒருபுறமிருக்க, அங்கே காய்வது மனிதர் உண்ணும் பண்டம். அதன்மேல் கால் படக் கூடாது.

சேலத்து வெயிலை நீங்கள் அறிவீர்கள். மாசி முதல் வைகாசி வரை காலை எட்டு மணிக்கு மேல் முழு வேக ஓட்டம் கூடாது. மாலையில் ஐந்து மணிக்கு முன் கூடாது. தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடிக்கச் செய்ய வேண்டும். தலை சுற்றுகிறது என்ற பிள்ளையை நிழலில் படுக்க வைத்து உடலை நனைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தகவல் தர வேண்டும். “இன்னும் ஒரு முறை ஓடு” என்று சொல்லக் கூடாது.

பஞ்சாயத்துக்கள் செய்ய வேண்டியதைச் சுருங்கச் சொல்கிறோம். 2024இல் அரசு ஊராட்சிகளுக்கு வழங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு பூட்டிய அறையில் இருந்தால் அதைத் திறந்து பிள்ளைகள் கையில் கொடுங்கள். மைதானத்தில் மாடு கட்டுவதையும் வைக்கோல் போர் போடுவதையும் அன்புடன் தடுத்துவிடுங்கள். உடற்கல்வி ஆசிரியரோடு ஊர் இளைஞர் இருவரை நேரம் பார்ப்பவராக நியமியுங்கள். ஒரே ஆட்கள் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தை மாதத்தில் பொங்கல் முடிந்த பிறகு முதல் அளவு எடுக்கலாம். அறுவடையும் முடிந்து தரையும் காய்ந்திருக்கும். அடுத்த அளவு சித்திரையில் வருவதால் அதைக் காலை ஆறு மணிக்கே முடித்துவிட வேண்டும். மூன்றாவது அளவு ஆடியில். காற்று மிகுந்த நாளாயின் ஒத்திவைக்கவும்.

நூறு அடி அளவு நாடாக்கள் இரண்டு ஒன்றிய அலுவலகத்தில் இருக்கின்றன. எழுதிக் கேட்கும் ஊராட்சிக்கு ஒரு வார காலத்திற்கு அவை தரப்படும். சுண்ணாம்பையும் ஐந்து பந்துகளையும் அந்தந்த ஊரே பார்த்துக்கொள்ள வேண்டும்.